புள்ளி இல்லாத சொல்

அறுபது அடிக்கு அப்பால் புள்ளி செத்துவிடுகிறது.
இதைக் கண்டுபிடிக்க
ஒரு சித்திரை வெயில் ஆயிற்று.
பெரியாஸ்பத்திரி வாசலுக்குள்
மாதிரிப் பலகையை ஒச்சப்பன் தூக்கிப் பிடிக்க
நான் பின்னால், இன்னும் பின்னால் நடந்தேன்
பனகல் ரோட்டு ஷேர் ஆட்டோ ஒன்று
முதுகுக்குப் பின் கத்தும்வரை.
எலும்பு, எலுமபு ஆனது.
மருந்தகம், மருநதகம.
"காவலுக்கு வந்தவனக் கம்பமாக்கிட்டீகளே"
என்றது பலகை.

புள்ளியைப் பெருக்கினேன்.
பெருத்த புள்ளி
மேல்வரிக் 'கு'வின் வாலில் போய் இடித்தது.
வரிகளை விலக்கினேன்.
பலகை வளர்ந்தது.
டெண்டரில் உயரம் மூன்றடிதான்.
ஒரு புள்ளி மூச்சுவிட அரையடி கேட்டு
பொதுப்பணித் துறைக்கு மூன்று கடிதம்.
மூன்றாவதற்குப் பதில் வந்தது:
"புள்ளி" என்பதைத் தெளிவுபடுத்தவும்.

டவுன்ஹால் ரோட்டு மாடியில்
உதுமான் ஸ்டிக்கர் வெட்டுகிறான்.
எந்திரம் தப்பு செய்வதில்லை.
உரிக்கும்போதுதான்
வேண்டாத வினைலோடு ஒட்டிக்கொண்டு
புள்ளிகளும் எழுந்து போய்விடுகின்றன.
ஊசியால் ஒவ்வொன்றாய் மீட்கிறான்.
தப்பியவை தரையெங்கும் நீலமாய்க் கிடந்து
யார் செருப்பிலோ ஏறி
சிம்மக்கல் வரை போய்விடுகின்றன
சொந்த மெய்யைத் தொலைத்துவிட்டு.

டோக்கன் எண் பார்க்கும் இணையப் பக்கமும் என் பொறுப்பு.
ஒச்சப்பனின் பழைய போனில் திறந்தால்
கொம்பு மட்டும் தனியே நிற்கிறது.
பக்கத்தில்
புள்ளிகளால் ஆன ஒரு வெறும் வட்டம்.
"இதென்ன, கோலமா?"
எழுத்து வரவேண்டிய இடம் என்றேன்.
"வரலன்னா?"
வட்டம் அப்படியே காத்திருக்கும்.
போனை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இருபத்துமூன்று பலகைகள்.
பட்டியலில் கடைசிப் பெயரை
சிவப்பு மையில் அடித்திருந்தார் அதிகாரி.
அதுக்கெல்லாம் போர்டு எதுக்குங்க,
வேணுங்கிறவங்க கேட்டுப் போய்க்குவாங்க.

"கேக்க மாட்டாக" என்றாள் செவிலியர் பாண்டிமீனா.
மருந்துத் தள்ளுவண்டியை நிறுத்தாமலே சொன்னாள்:
"நேத்து ஒரு ஆளு
மூணு தடவ கேன்டீனுக்கு வழி கேட்டாரு.
மூணு தடவையும் டீ குடிக்கல.
கேன்டீன் அதுக்கு எதுத்தாப்லதான இருக்கு."

அன்றிரவு எழுதிப் பார்த்தேன்.
பி. ண. வ. றை.
நாலே எழுத்து.
ஒரு புள்ளிகூட இல்லை.
உரிக்கும்போது எதுவும் தவறாது,
தூரத்தில் எதுவும் சாகாது.
மகப்பேறுக்கு ஒன்று,
அவசர சிகிச்சைக்கு ஒன்று,
கேன்டீனுக்கு இரண்டு.
இதற்கு ஏன் இல்லை என்று
கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் ஒச்சப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
"இத நான் பிடிக்க மாட்டேன், தாயி."
நான் பிடித்தேன்.
அவர் நடந்தார் பின்னால்.
வேப்பமரம் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டு தாண்டி
கேட் வரை போய்
கண்ணைச் சுருக்கி நின்றார்.
பிறகு கையை உயர்த்தினார்:
தெரிகிறது.
இன்னும் போகட்டுமா என்று சைகை.
வேண்டாம் என்று தலையாட்டியது
அவருக்குத் தெரிந்திருக்காது.
பலகை என் முகத்தை மறைத்திருந்தது.

மருந்தகத்துக்கு எவ்வளவோ
அதற்கும் அவ்வளவே உயரம்.
அதே நீலம். கறுப்பு இல்லை.
அம்புக்குறியை மட்டும்
சற்றே கீழிறக்கினேன்,
குனிந்து வருபவர்களுக்கு.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாள்.
ஒரு கையில் ஆண் செருப்பு ஒரு ஜோடி,
மறு கையில் மஞ்சள் பை.
தகவல் ஜன்னலில் எட்டுப் பேர் நின்றார்கள்.
வரிசையில் சேரப் போனவள்
நிமிர்ந்தாள்.
வாய் அசையாமல் படித்தாள்.
இடப்பக்கம் திரும்பி நடந்தாள்.

ஒச்சப்பன் எழுந்து
கேட்டைத் திறக்கப் போனார்,
அது திறந்துதான் இருந்தது.